மூடிக்கிடந்த வானம்

வெயில் இருக்கும்போதே ஊர்க்கூட்டம் முடிந்துவிடும் என்று ஜெகதீசன் நம்பியிருந்தான். அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் வந்து நின்றபோது எல்லார் முகமும் நன்றாகத்தான் தெரிந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்த்தலைவர். பக்கத்து பெஞ்சில் நான்கு பெரியவர்கள். அதில் ஓரமாகக் காலை அகட்டி உட்கார்ந்திருந்தவர் ராமதாஸ், லாஞ்சு ஓட்டும் சிராங்கு. இடது பக்கம் அம்முவும் அவள் அண்ணன் தாமோதரனும். வலது பக்கம் பெண்கள் கூட்டத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் அம்மா பவுனம்மாள். யார் எங்கே என்று மனத்தில் ஒருமுறைக்கு இருமுறை பதித்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

தலைவர் உடனே தொடங்கவில்லை. காசிமேட்டில் ஐஸ் விலை ஏறியது பற்றிப் பேச்சு வந்தது. எவனோ ஒருவனுடைய லாஞ்சு மகாபலிபுரத்துப் பக்கம் என்ஜின் நின்று இழுத்து வரப்பட்ட கதை வந்தது. நேற்று சாயங்காலம் வெடித்த டிரான்ஸ்பார்மர் அப்படியே கிடந்ததால் ஒரு பையனைப் பெட்ரோமாக்ஸ் கொண்டுவர அனுப்பினார்கள். அதற்குள் சூரியன் வீடுகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஜெகதீசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சின் இரண்டு ஓரங்களும் கரைந்தன. முதலில் காணாமல் போனவர் ராமதாஸ்.

அவனுக்கு மாலைக்கண். சின்ன வயதில் ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில், இது சாப்பாட்டால் வந்தது இல்லை, கண்ணுக்குள்ளே இருக்கிற திரை காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பகலில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நேரே இருப்பது தெரியும். வலைக் கொட்டகையில் அறுந்த கண்ணியைக் கண்டுபிடித்துப் பின்னுவதற்கு அந்தக் குழாய் போதும். அந்தி சாய்ந்தால் குழாயும் அடைத்துவிடும். இது தெரிந்தவர்கள் அவனும் அம்மாவும் தங்கை பச்சையம்மாவும்தான். இருட்டில் வெளியே போக வேண்டியிருந்தால் பச்சை முன்னால் கொலுசு போட்டுக்கொண்டு நடப்பாள், அவன் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போவான். பார்க்கிறவர்களுக்கு அண்ணனும் தங்கையும் கடைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான்.

நேற்று பச்சை அவனோடு இல்லை. எண்ணூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். கொடுக்க மறந்த பழப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான் ஜெகதீசன். திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு விளக்கு நடந்துவிடலாம். சந்துக்குள் பாதி வந்திருப்பான், பட்டென்று ஒரு வெடிச்சத்தம், எல்லாம் அணைந்தது. சுவரைத் தேடிக் கையை நீட்டினான். கை பட்டது சுவரில் இல்லை.

அம்மு போட்ட சத்தத்தில் தாமோதரன் வந்தான், இன்னும் நாலு பேர் வந்தார்கள். அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாததால் அவன் எதையும் தடுக்கவில்லை. தடுக்காததே குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிட்டது.

ராத்திரி முழுக்க அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். கை அங்கே எவ்வளவு நேரம் இருந்தது? பட்டதும் எடுத்தேனா, இல்லை இது என்ன என்று தெரிவதற்காக ஒரு கணம் வைத்திருந்தேனா? வைத்திருந்தால் அது தப்புதானே? யோசிக்க யோசிக்க அந்தக் கணம் நீண்டுகொண்டே போனது.

கிழிந்த உதட்டுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "குடிச்சிருந்தேன்னு சொல்லிடு. இந்த ஊர்ல குடிக்காத ஆம்பள எவன் கீறான்? கால்ல வுழச் சொன்னா வுழு. தெண்டம் போட்டா கட்டலாம். கண்ணு விசயத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத. இது ரத்தத்துல வர்ற நோவுன்னு எவனாவது ஒருத்தன் சொல்ட்டா எண்ணூர்க்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். பச்சைய அப்பால எவன் கட்டுவான்?"

அடுப்படியிலிருந்து பச்சை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. குடிகாரனுக்கு ஊரில் இடம் உண்டு.

"இன்னாப்பா ஜெகதீசா," என்று தலைவர் ஒருவழியாகத் தொடங்கினார். "அந்தப் பொண்ணு சொல்றது மெய்தானா?"

"கை பட்டுச்சு தலைவரே. வேணும்னு படல."

"பட்டுச்சாம்பா," என்றது தாமோதரன் குரல். "காலைல என் தங்கச்சி ரோட்டுமேல போறா, இவன் கொட்டாய்ல உக்காந்துகினு, 'இன்னா அம்மு, சந்தைக்கா'ன்னு கேக்கறான். அவ்ளோ தூரத்துலேர்ந்து அடையாளம் தெரியுது. சாய்ங்காலம் மூஞ்சிக்கு எதிர்ல வந்து நின்னா தெரியாதாமா?"

சிரித்தார்கள். பெட்ரோமாக்ஸ் வந்து சேர்ந்தது. புஸ்ஸென்ற சத்தத்தோடு அதைக் கோயில் கம்பத்தில் மாட்டினார்கள். மற்றவர்களுக்கு அது வெளிச்சம். ஜெகதீசனுக்கு அது கண்ணில் குத்துகிற ஒரு வெள்ளைப் பொட்டு. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் முன்னைவிட இருட்டு. தலைவர் இருந்த திசையை மனத்தில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே நின்றான்.

"குடிச்சிருந்தியா?"

அம்மா நின்ற பக்கம் திரும்பினான். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு கறுப்பு, அதற்குள் வளையல் சத்தம்.

"ஆமா தலைவரே. கொஞ்சம் குடிச்சிருந்தேன்."

கூட்டம் இளகியது அவனுக்கே தெரிந்தது. "அதான பாத்தேன்," என்றாள் ஒரு பெண். "இன்னா சரக்குடா வெள்ளி?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டதும் இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

வெள்ளி என்பது அவனுக்கு லாஞ்சில் வைத்த பட்டப்பெயர். பதினேழு வயதில் ஒரே ஒரு பருவம் ராமதாஸின் லாஞ்சில் கடலுக்குப் போயிருந்தான். ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

"செரி," என்றார் தலைவர். "குடிச்சிட்டு அறிவில்லாம நடந்துகினான். அந்தப் பொண்ணு கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டு, கோயிலுக்குத் தெண்டம்—"

"அது பொய்."

அம்முவின் குரல். எல்லாரும் அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மணலில் கால்கள் மாறின.

"குடிச்ச வாட வரல," என்றாள் அம்மு. "எங்க நைனா தெனம் குடிச்சிட்டுதான் வூட்டுக்கு வர்றாரு. அந்த வாட எனக்குத் தெரியாதா? இவரு மேல பழைய வலை வாடதான் வந்துச்சு. அடி வாங்கசொல்லோகூட நிதானமா நின்னாரு. குடிச்சேன்னு சொல்லி தப்பிச்சிக்கலாம்னு பாக்கறாரு."

"நீ கம்னு இரு," என்றான் தாமோதரன்.

"நான் ஏன் கம்னு இருக்கணும்? என் மேலதான கை பட்டுச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. குடிக்கவில்லை என்றால் தெளிவாக இருந்துகொண்டே செய்திருக்கிறான். அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

தலைவர் பெரியவர்களிடம் குனிந்து பேசினார். முணுமுணுப்பு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு குரலை உயர்த்தினார். "கேட்டுக்கோ. ஒரு வருசத்துக்கு நீ துறைமுகத்துக்குள்ள காலு வெக்கக் கூடாது. வலை வேலையும் கிடையாது. எந்த லாஞ்சுக்காரனும் இவனக் கூப்புடக் கூடாது. பொம்பளப் புள்ளைங்க கூடையத் தூக்கிகினு விடியக்காலைல போற வழி அது. உன்ன மாதிரி ஆளுக்கு அங்க எடம் இல்ல."

"தலைவரே, அந்த வேலை ஒண்ணுதான் எனக்கு—"

"மூஞ்சியப் பாத்துப் பேசுடா," என்றார் தலைவர்.

அப்போதுதான் ஜெகதீசனுக்குப் புரிந்தது, குரல் நகர்ந்திருக்கிறது. தலைவர் எழுந்து வேறெங்கோ நிற்கிறார். இவ்வளவு நேரம் அவன் காலி நாற்காலியிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பாருங்க அந்தத் திமிர," என்றான் தாமோதரன். "ஊரே கூடி நிக்குது, தொர எங்கயோ பாத்துகினு கீறாரு."

துறைமுகம் போனால் வலை போகும். வலை ஊசியைத் தவிர அவனுக்குக் கைவந்த தொழில் ஒன்றும் இல்லை. சாயந்திரத்துக்குப் பிறகு நடமாட முடியாதவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அதைவிட, நாளை காலை வெளிச்சத்தில் அம்மு எதிரே வருவாள், முகம் நன்றாகத் தெரியும். அப்போது அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

"எனக்குக் கண்ணு தெரியாது," என்றான்.

"டேய்," என்றாள் பவுனம்மாள். அந்த ஒரு சொல்தான்.

"ராத்திரில தெரியாது. சாய்ங்காலம் ஆனாலே தெரியாது. பொறந்ததுலேர்ந்து அப்டிதான். இப்பகூட யார் மூஞ்சியும் தெரியல. நேத்து சுவருன்னு நெனைச்சுதான் கைய நீட்டினேன்."

நாலு பக்கமும் பேச்சு கிளம்பியது.

"பகல்ல பொடிக் கண்ணி வலையெல்லாம் பின்றான், ராத்திரி கண்ணு பூடுதாம்."

"மொதல்ல குடின்னான், இப்ப குருடுன்றான். இன்னும் கொஞ்சம் உட்டா பேய் புடிச்சிதுன்னு சொல்லுவான்."

"எங்க மாமியாருக்குக்கூட இருந்துச்சு. ஆட்டு ஈரல் ஒரு வாரம் துன்னுச்சு, செரியாப் பூட்ச்சு."

"இது இன்னா, முகத்துக்கு நேரா எத்தினி விரல் காட்றேன், சொல்லு வெள்ளி."

காற்று மூக்கில் பட்டது. யாரோ கையை ஆட்டுகிறான். ஜெகதீசன் கண்ணைச் சிமிட்டிவிட்டான். "சிமிட்டறான்பா, சிமிட்டறான்," என்று கத்தினார்கள்.

தாமோதரன் வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தினான். பெட்ரோமாக்ஸ் இப்போது முதுகுப் பக்கம். "அங்க எதிர்ல கடல் கீது. நீ ஓடியாடி வெளையாடின எடம்தான? நட பாப்போம். தெரியுதா தெரியலையான்னு நாங்க சொல்றோம்."

அவன் நடந்தான். கையை முன்னால் நீட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. நீட்டினால் நடிப்பு என்பார்கள். நீட்டாமல் நடந்தான். எத்தனையோ வருஷமாகப் பழகிய நடை அது, தெரிகிறவன் மாதிரி நடப்பது, தலையை நிமிர்த்திக் காலை மட்டும் மெதுவாக வைப்பது. பத்தடி கூடப் போயிருக்க மாட்டான், கரையேற்றிய படகின் நங்கூரக் கயிறு கணுக்காலைப் பிடித்தது. முகம் மணலில் பட விழுந்தான். நேற்று கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது.

"நல்லா வுழறான்பா," என்றான் ஒருவன்.

வாயில் மணலோடு அப்படியே கிடந்தான். விழாமல் நடந்திருந்தால் கண் தெரிகிறது என்பார்கள். விழுந்தால் நன்றாக விழுகிறான் என்கிறார்கள். இவர்களுக்குக் காட்டுவதற்கு அவனிடம் ஒரு புண் இல்லை, ஒரு தழும்பு இல்லை. கண்ணாடிகூட இல்லை. கண் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது, அதுதான் தொல்லை. ஒருவேளை நானே பெரிதுபடுத்துகிறேனோ, கொஞ்சம் கூர்ந்து பார்த்திருந்தால் கயிறு தெரிந்திருக்குமோ என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எழுந்திரிடா," என்றது ஒரு கனத்த குரல். ராமதாஸ். "இவன் பொய்யி எனக்குப் புதுசு இல்ல தலைவரே. நான்தான் இவன லாஞ்சுலேர்ந்து எறக்கி வுட்டேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்."

லாஞ்சில் ராமதாஸ் வைத்திருந்த ஒரு முறை உண்டு. ராத்திரி கடைசி வலையை விட்டுவிட்டு எல்லாரும் படுப்பார்கள். லாஞ்சின் முன்பக்கத்தில், அணியத்தில், ஒருவன் மட்டும் முழித்திருப்பான். கீழ்வானத்தில் விடிவெள்ளி ஏறியதும் 'வெள்ளி ஏறிச்சு' என்று அவன் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு எல்லாரும் எழுந்து வலையை இழுப்பார்கள். கடிகாரம் இருந்தாலும் ராமதாஸ் அதை நம்ப மாட்டார்.

"ஒரு ராத்திரி இவன் முறை," என்றார் ராமதாஸ். "'வெள்ளி ஏறிச்சு மாமா'ன்னு கத்தறான். எழுந்து வெளிய வந்து பாக்கறேன். அப்டியே அறைஞ்சேன். பொய்யாடா சொல்றன்னு. பசங்கல்லாம் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து இவன் பேரு வெள்ளி. அன்னிக்கே பொய் சொன்னவன் இன்னிக்குச் சொல்ல மாட்டானா?"

ஜெகதீசன் எழுந்து மணலைத் துடைத்துக்கொண்டான். அவனை அதிகமாகச் சுட்டது அந்த ராத்திரிதான், இன்றைக்கும். "நான் நேரத்தத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் மாமா," என்றான். "வெள்ளி எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல. வானத்து மீன் ஒண்ணுகூட நான் பாத்தது கெடையாது. காத்து மாறும், குளிரு ஏறும், அத வெச்சிதான் சொல்லுவேன். நாலஞ்சு தடவ செரியா வந்துச்சு. அன்னிக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அதான் நீங்க அடிச்சீங்க."

"நேரத்தத் தப்பாவா?"

"ஆமா."

மணலில் ராமதாஸ் கால் இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது, அருகில் வந்தது. பீடி வாசனை முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"அன்னிக்கு வானம் எப்டிடா இருந்துச்சு?"

ஜெகதீசனுக்குக் கேள்வி புரியவில்லை. "எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

"எப்பவும் போலன்னா?"

"கறுப்பா."

எவனோ சிரிக்கத் தொடங்கி, கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டான்.

"மேகம் மூடிகினு இருந்துச்சுடா," என்றார் ராமதாஸ் மெதுவாக. "கரைலேர்ந்து கடல் வரைக்கும் ஒரு ஓட்ட இல்ல. ஒரு மீன் இல்ல. மழ எப்ப வுழுமோன்னு நான் உள்ள படுத்துகினு கீறேன், நீ வெள்ளி ஏறிச்சுன்ற. அதுக்குதான்டா சிரிச்சாங்க. நேரத்துக்கு இல்ல."

ஆறு வருஷமாக அவன் அந்த ராத்திரியின் நேரத்தையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். காற்று மாறியதா, குளிர் எப்போது ஏறியது, எங்கே தவறினோம் என்று. மேலே என்ன இருந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மேகம் இருக்கும் ராத்திரிக்கும் இல்லாத ராத்திரிக்கும் அவனுக்கு வித்தியாசம் கிடையாது.

"அது இன்னா பெரிய சாட்சியா?" என்றான் தாமோதரன். "தூங்கி வழிஞ்சிருப்பான். திடுக்குனு எழுந்து ஏதோ கத்தியிருப்பான்."

"தூங்கினவன்கூட மேல ஒரு பார்வ பாத்துட்டுதான்டா வாயத் தொறப்பான்," என்றார் ராமதாஸ். "பொய் சொல்றவன் அதவிட ஜாஸ்தி பாப்பான். நாமளும் வானத்தப் பாப்போம்னு அவனுக்குத் தெரியாதா? மீனே இல்லாத வானத்துல வெள்ளியக் காட்டறது கண்ணு தெரியாதவனாலதான் ஆவும்." பிறகு வேறு யாருக்கோ சொல்வது போல, "நாலு அறை அறைஞ்சேன்," என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பீடி வாசனை விலகியது.

பெரியவர்கள் மறுபடி முணுமுணுத்தார்கள். இந்த முறை நேரமாயிற்று. கடைசியில் தலைவர், துறைமுகத்துக்கு வரக் கூடாது என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் எழும்பூரிலிருந்து டாக்டர் சீட்டு வாங்கிவந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். "கண்ணு தெரியாதவன லாஞ்சுல ஏத்தற வேலையும் இனிமே கெடையாது. கரையில வலையோட நிறுத்திக்கோ. அம்மு, நீ இன்னாமா சொல்ற?"

அம்முவின் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "கண்ணு தெரியாதுன்னா வாயுமா கெடையாது? வர்றேன்னு ஒரு சத்தம் குடுத்தா நான் ஒதுங்கியிருக்க மாட்டேனா? நேத்து ராத்திரி முச்சூடும் நான் தூங்கல."

"குடுத்திருக்கணும்," என்றான் ஜெகதீசன். அவள் குரல் வந்த திசைக்குத் திரும்பி நின்றான். சரியான திசைதானா என்று தெரியவில்லை. "சத்தம் குடுத்தா ஏன்னு கேப்பாங்கன்னுதான் குடுக்கறதில்ல. தப்பு என்னுதுதான் அம்மு. மன்னிச்சிக்கோ."

"செரி," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து வார்த்தைகள் காற்றில் வந்தன. "எண்ணூர்க்காரங்களுக்குத் தெரியுமாமா?" "தங்கச்சிக்கும் இருக்குமோ?" "பாத்தா எப்டி கீறான், யாருனா சொல்ல முடியுமா?" அம்மாவின் வளையல் சத்தம் எங்கும் கேட்கவில்லை. அவள் அவனுக்காக நிற்காமல் போய்விட்டிருந்தாள்.

கொலுசு கேட்டது. வீட்டிலேயே இரு என்று அவன் சொல்லியிருந்த பச்சை எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை.

"அம்மா அழுதுகினே போவுது," என்றாள் பச்சை. "வா."

"எண்ணூருக்கு இன்னா சொல்றது?"

"நாளைக்கு நானே ஆள் அனுப்பறேன். வெளிய யாரோ சொல்லிக் கேட்டுட்டு வராம போறதவிட, நம்மகிட்டயே கேட்டுட்டு வராம போவட்டும்." அவள் குரல் உடைந்திருந்தது. அதை மறைக்க வேகமாக நடந்தாள். கொலுசு முன்னால் போனது.

சந்துக்குள் நுழைந்தார்கள், நேற்று நுழைந்த அதே சந்து. இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது மூச்சிலும் கொசுவத்திப் புகையிலும் தெரிந்தது. அவன் எப்படி நடக்கிறான் என்று பார்க்கிறார்கள்.

பாதி தூரத்தில் கொலுசு நின்றது. பச்சை ஏன் நிற்கிறாள்? அவன் ஒரு காலை எடுத்து வைத்தான், அப்புறம் நிறுத்தினான். எதிரே யாரோ நிற்கிறார்கள். வியர்வை, ஐஸ் பெட்டியின் ஈர மரவாடை. தாமோதரன் ஐஸ் ஏற்றுகிறவன். அவனாகவும் இருக்கலாம், அவனோடு வேலை செய்கிற எவனாகவும் இருக்கலாம். வழியை அடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜெகதீசன் மோதுகிறானா ஒதுங்குகிறானா என்று அவனுக்குப் பார்க்க வேண்டும். ஒதுங்கினால், கண் தெரிகிறது என்று நாளைக்கு இன்னொரு கூட்டம்.

பச்சை வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னால் அது கணக்கில் வராது என்று அவளுக்கும் தெரியும்.

ஜெகதீசன் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டான். சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"ஜெகதீசன் வர்றேன். எனக்குக் கண்ணு தெரியாது. முன்னால யாரு கீறீங்களோ, ஒரு சத்தம் குடுங்க."

யாரும் சத்தம் கொடுக்கவில்லை. அவனும் அசையவில்லை. வாசலில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் வாயைப் பொத்தினார்கள். அவன் மறுபடி, அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொன்னான்.

எதிரே ஒரு தொண்டைச் செருமல். பிறகு செருப்பு மணலில் உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தது. ஐஸ் பெட்டி வாடை சுவரோரம் ஒதுங்கியது.

கொலுசு மறுபடி நடக்கத் தொடங்கியது.